லண்டனின் பிற்கால ஜார்ஜியச் செங்கல் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ப்ளூம்ஸ்பரி, மேரில்போன், இஸ்லிங்டன் பகுதிகளில் தெருத் தெருவாக ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் பெரும்பங்கு 1770க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டவை. அவற்றைப் படிக்கும் கட்டடக்கலை மாணவர், அவற்றில் குடியிருப்பவர், பழுதுபார்க்கப் போகிறவர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. உதாரணம் தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் ப்ளூம்ஸ்பரியிலுள்ள பெட்ஃபர்ட் சதுக்கத்தையே எடுத்துக்கொள்கிறோம். 1775இல் தொடங்கி 1783க்குள் முடிந்த அந்தச் சதுக்கத்தின் நான்கு பக்கங்களும் இன்றும் ஏறக்குறைய முழுமையாக நிற்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முகப்பின் ஒழுங்கைப் பார்த்து இவை கோட்டை போல உறுதியானவை என்று நினைக்க வேண்டாம். அந்த ஒழுங்குக்குப் பின்னால் இருப்பது மெல்லிய செங்கல், சுண்ணாம்பு, மரம் மூன்றும் சேர்ந்து அசைந்துகொடுக்கும் ஒரு கட்டுமானம். அதற்குள் ஈரம் வரும், போகும். கீழே சொல்லப்படும் பழுதுகளில் சில, இதை மறந்து சிமெண்டைக் கையில் எடுத்ததால் வந்தவை.

‘பிற்கால ஜார்ஜியம்’ என்றால் எந்த ஆண்டுகள்?

முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறியது 1714. நான்காம் ஜார்ஜ் இறந்தது 1830. இடைப்பட்டதே ஜார்ஜியக் காலம். நான்காம் வில்லியம் இறந்த 1837 வரை அதை நீட்டுபவர்களும் உண்டு. பிற்காலம் என்று பொதுவாக 1765க்குப் பிந்தையதைச் சொல்வார்கள். லண்டன் செங்கல் வீட்டைப் பொறுத்தவரை 1774ஆம் ஆண்டின் கட்டடச் சட்டத்தை எல்லைக்கோடாக வைத்துக்கொள்வதுதான் சரி. அதற்கு முன்னும் பின்னும் கட்டிய வீடுகளைத் தெருவில் நின்றே பிரித்துச் சொல்லிவிடலாம்.

1774 சட்டம் என்ன சொன்னது?

சர் ராபர்ட் டெய்லர், இளைய ஜார்ஜ் டான்ஸ் என்ற இரு கட்டடக்கலைஞர்கள் உருவாக்கிய சட்டம் அது. நோக்கம் தீத்தடுப்பு. 1666 பெருந்தீக்குப் பிறகு வந்த சட்டங்களை எல்லாம் ஒன்றாக்கி இறுக்கியது.

வீடுகளை அது நான்கு தரங்களாகப் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் தரைப்பரப்பும் உள்ளது முதல் தரம். 300 முதல் 850 பவுண்டு, 500 முதல் 900 சதுர அடி என்றால் இரண்டாம் தரம். 150 முதல் 300 பவுண்டு, 350 முதல் 500 சதுர அடி மூன்றாம் தரம். அதற்கும் கீழே உள்ளது நான்காம் தரம். பரப்பு என்பது வீடு தரையில் அடைக்கும் இடம் மட்டுமே. மாடிகளைக் கூட்டிய கணக்கு அல்ல. ஒவ்வொரு தரத்துக்கும் அடித்தளம் எவ்வளவு அகலம், சுவர் எத்தனை கல் கனம் என்று விதி உண்டு. அதைச் சோதிக்க வட்டார அளவையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

முகப்பின் முகத்தையே மாற்றியவை இரண்டு விதிகள். முதலாவது ஜன்னல் பற்றியது. ஜன்னலின் மரப்பெட்டி சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்று 1709 சட்டமே சொல்லியிருந்தது. 1774 சட்டம் அந்தப் பெட்டியைச் செங்கலுக்குப் பின்னால் மறைக்கவும் சொன்னது. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் மெல்லிய மரக்கோடு மட்டுமே தெரியும். இரண்டாவது விதி முகப்பில் துருத்தி நிற்கும் மர அலங்காரங்களைக் கட்டுப்படுத்தியது. மரம் போனதும் அந்த இடத்தைச் சுதையும் வார்ப்புக்கல்லும் பிடித்துக்கொண்டன.

இத்தனை வீடுகளையும் கட்ட யாரிடம் பணம் இருந்தது?

யாரிடமும் முழுப் பணம் இல்லை. இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

நிலம் பிரபுவுடையது. பெட்ஃபர்ட் சதுக்கத்தின் நிலம் பெட்ஃபர்ட் கோமகன் குடும்பத்தின் சொத்து. நான்காம் கோமகன் 1771இல் இறந்ததும் அவர் மனைவி கெர்ட்ரூட் நிர்வாகத்தை முன்னின்று நடத்தினார். ராபர்ட் க்ரூஸ், வில்லியம் ஸ்காட் என்ற இரு கட்டுநர்கள் மனைகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். கட்டுமானம் நடக்கும் தொடக்க காலத்துக்கு வாடகை பெயரளவுக்குத்தான். ஒரு மிளகு தந்தால் போதும் என்றுகூடப் பத்திரத்தில் எழுதுவார்கள். அந்த அவகாசத்தில் சுவர், தரை, கூரை வரை எழுப்பி, வெறும் எலும்புக்கூடாகவே வீட்டை விற்றுவிடுவதுண்டு. உள்பூச்சும் கணப்பு அடுப்பும் வாங்குபவர் பாடு. கொத்தனாரும் தச்சரும் ஒருவர் வீட்டில் மற்றவர் வேலை செய்து கூலியைக் கழித்துக்கொள்வதும் வழக்கம். குத்தகை முடிந்தால் நிலத்தோடு வீடும் பிரபுவுக்கே திரும்பும்.

ஆகவே கட்டுபவருக்குக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நல்ல செங்கல் வைக்க எந்தக் காரணமும் இல்லை. கடன் வற்றினால் வேலை நின்றுவிடும். 1793இல் பிரான்சுடன் போர் மூண்டு பணமுடை வந்தபோது லண்டன் முழுக்க வேலைகள் பாதியில் நின்றன. ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தின் கிழக்கு, தெற்குப் பக்கங்கள் கட்டடக்கலைஞர் ராபர்ட் ஆடமின் வடிவமைப்பில் 1790களில் எழுந்தன. மற்ற இரண்டு பக்கங்கள் 1827க்குப் பிறகே வந்தன. தெருவின் ஒரு பக்கம் கல்லாகவும் எதிர்ப்பக்கம் சுதைப்பூச்சாகவும் இருந்தால், நடுவில் யாரோ ஒரு கட்டுநரின் கடன் கதை இருக்க வாய்ப்பு அதிகம்.

உள்ளே எந்த மாடியில் என்ன இருக்கும்?

பெரிய வீட்டின் முகப்பு 20 முதல் 25 அடி அகலம், மூன்று ஜன்னல் வரிசை. ஒவ்வொரு மாடியிலும் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. ஒரு பக்கச் சுவரை ஒட்டி நடையும் படிக்கட்டும். பின்னால் சின்னதாக ஓர் ஒட்டறை.

நிலவறையில் சமையலறையும் பணியாளர் புழங்கும் இடமும். அதற்கு முன்னால், தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே, வெளிச்சத்துக்காக விட்ட திறந்த பள்ளம். அதைத் தாண்டி நடைபாதைக்கு அடியில் கரி அறைகள். நடைபாதையில் காணும் வட்டமான இரும்பு மூடி அந்த அறைக்குக் கரி கொட்டுவதற்கானது. ஆள் இறங்க முடியாத அளவுக்கு அது சிறியதாக இருக்கும். நிலவறைக்குத் தோண்டிய மண்ணைக் கொண்டே தெருவை உயர்த்தினார்கள் என்பதால், முன்பக்கம் நிலவறையாக இருப்பது பின்பக்கம் தோட்ட மட்டத்தோடு வந்து நிற்கும்.

தரை மாடியில் உணவறை. முதல் மாடிதான் வீட்டின் பெருமை: விருந்தினரை உட்காரவைக்கும் கூடம், முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே மடக்குக் கதவுகள், உயர்ந்த கூரை. இரண்டாம் மாடியில் படுக்கையறைகள். கூரையடி அறைகளில் பணிப்பெண்களும் குழந்தைகளும். முதல் தர வீடுகளுக்குப் பின் சந்தில் குதிரை லாயம் இருந்தது. இன்று அந்த லாயங்களே தனி வீடுகளாக விலைபோகின்றன.

மேலே போகப் போக ஜன்னல்கள் ஏன் சிறுக்கின்றன?

மேலே சொன்ன படிநிலைதான் காரணம். முதல் மாடி ஜன்னல் மிக உயரம், பல வீடுகளில் தரை வரை இறங்கும். இரண்டாம் மாடியில் உயரம் குறையும். அதற்கும் மேலே ஏறத்தாழ சதுரமாகிவிடும். அகலம் மட்டும் மாறாது, அதனால் கோடுகள் நேராக ஓடும். சுவரில் வேறு அலங்காரம் எதுவுமே இல்லாமல், இந்த உயர விகிதம் ஒன்றைக் கொண்டே முகப்பை அழகாக்கியிருக்கிறார்கள். இந்த வீடுகளின் ஆகப்பெரிய சாதனையாக எங்களுக்குப் படுவது இதுவே.

பெட்ஃபர்ட் சதுக்கத்தில் ஒவ்வொரு பக்கத்து வரிசையையும் ஒரே அரண்மனை போலக் காட்ட, நடுவீட்டுக்கு மட்டும் சுதைப்பூச்சும் முக்கோண முகடும் கொடுத்தார்கள். வடக்கு, தெற்குப் பக்கங்களில் நடுவே வருவது இரண்டு வீடுகள். அங்கே ஐந்து அரைத்தூண்கள் வைக்கப்பட்டதால் ஒரு தூண் சரியாக நட்டநடுவில் நிற்கிறது. செவ்வியல் இலக்கணப்படி அது பிழை. மைய அச்சில் இருக்க வேண்டியது திறப்பு, தூண் அல்ல.

செங்கல் ஏன் மஞ்சளாக இருக்கிறது?

லண்டன் சுற்றுவட்டாரக் களிமண்ணோடு சுண்ணக்கட்டித் தூளைக் கலப்பார்கள். மஞ்சள் அதனால் வருகிறது. நகரத்து வீடுகளிலிருந்து வரும் கரிச்சாம்பலையும் சலித்துச் சேர்ப்பார்கள். சாம்பலில் மிச்சமிருக்கும் கரித்துணுக்குகள் கல்லுக்குள்ளேயே எரிந்து அதை வேகவைக்கும். நிரந்தரச் சூளை கிடையாது. பச்சைக்கல்லையே அடுக்கிக் காளவாய் போட்டார்கள், பல நேரம் கட்டப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே. காளவாயில் சூடு சீராகப் பரவாது. நன்றாக வெந்தது முகப்புக்கு. ஓரத்தில் அரைவேக்காடாக நின்றது உள்சுவருக்கும் தடுப்புக்கும். உள்பூச்சை உரித்ததும் நகத்தால் கீறினாலே உதிரும் இளஞ்சிவப்புக் கல் தெரிந்தால் திகைக்க வேண்டாம். அது கட்டிய நாளிலேயே அப்படித்தான் இருந்தது.

1776ஆம் ஆண்டின் சட்டம் கல்லின் குறைந்த அளவை 8½ × 4 × 2½ அங்குலம் என்று வைத்தது. 1784இல் ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரி வந்தது. எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சிலர் கல்லைப் பெரிதாக்கினார்கள். 150 கன அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லுக்கு இரட்டை வரி என்று 1803இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது. வரி ஒழிந்தது 1850இல்.

முகப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது. ஏன்?

இந்த வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முகப்புச் சுவர் வழக்கமாக ஒன்றரைக் கல், அதாவது ஏறத்தாழ 13½ அங்குலம். மேல் மாடிகளில் ஒரு கல்லாக, 9 அங்குலமாகக் குறையும். வெளியே ஃப்ளெமிஷ் கட்டு தெரியும்: ஒவ்வொரு வரியிலும் நீளக்கல் (நீளப்பக்கம் வெளியே தெரிய வைத்தது), தலைக்கல் (குறுகிய முனை மட்டும் தெரிய வைத்தது), நீளக்கல், தலைக்கல் என்று மாறி மாறி வரும். தலைக்கல் சுவருக்குள் ஆழமாகப் போய் முன்தோலையும் பின்சுவரையும் கோக்க வேண்டும். ஆனால் முன்னால் விலையுயர்ந்த கல், மெல்லிய சந்து (கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவை நிற்கும் இடைவெளி). பின்னால் மட்டக்கல், தடித்த சந்து. இரண்டின் வரிகளும் ஒரே மட்டத்தில் வராது. அதனால் கட்டுநர் தலைக்கல்லைப் பாதியாக உடைத்து முகத்துக்கு மட்டும் ஒட்டவைத்தார். முழுத் தலைக்கல் எப்போதாவது வரிகள் ஒத்துப்போகும் இடத்தில்தான் உள்ளே போகும். பார்க்க ஃப்ளெமிஷ் கட்டு. உண்மையில் 4 அங்குலத் தோல் ஒன்று ஏறக்குறையத் தனியாக நிற்கிறது.

இரண்டாவது காரணம் சுவருக்குள் படுக்கவைத்த கட்டுமரங்கள். ஈரச் சுண்ணாம்பு இறுகும்வரை சுவரை நேராக நிறுத்தவும், உள்ளே பலகைகளை அடிக்கவும் அவற்றை வைத்தார்கள். நூறு, இருநூறு ஆண்டு ஈரத்தில் அவை மக்கும்போது பின்சுவர் அமுங்கும், முன்தோல் அமுங்காது. வித்தியாசம் வயிறாக வெளியே வரும். மூன்றாவது காரணம், தரை உத்திரங்கள் முகப்புக்கு இணையாக ஓடும் வீடுகளில் அந்தச் சுவரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதது.

சோதிக்கும் முறை: மேல் ஜன்னலிலிருந்து தூக்குக்குண்டு விட்டு மாடிக்கு மாடி தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் தோல் பிரிந்திருக்கிறது. உள்ளே தரைப்பலகைக்கும் முகப்புச் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா, பக்கச் சுவர் சேரும் மூலையில் செங்குத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குறைந்தது ஓராண்டு அளவெடுக்க வேண்டும், ஏனென்றால் பருவத்துக்குப் பருவம் சுவர் சற்று அசையும். ஓராண்டில் நகராத பழைய வயிற்றை அப்படியே விட்டுவிடலாம், அதை நேராக்கப் போவதுதான் ஆபத்து.

நகர்கிறது என்றால் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். வழக்கமான மருந்து: சந்துகளின் வழியே துளையிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் தோலைப் பின்சுவரோடு தைப்பது; உத்திரங்களையும் சுவரையும் எஃகுப் பட்டையால் கட்டுவது; மக்கிய கட்டுமரத்தைச் சிறு சிறு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தை உடனுக்குடன் செங்கலால் நிரப்பிக்கொண்டே போவது. முழு நீளத்தையும் ஒரே நாளில் உருவினால் சுவர் இறங்கிவிடும்.

ஜன்னலுக்கு மேலுள்ள தட்டையான வளைவில் சந்தே தெரியவில்லையே?

அது தேய்த்த செங்கல் வேலை. கல் துணுக்கில்லாத மணற்பாங்கான களியில் சுட்ட மென்கல்லைக் கம்பி ரம்பத்தால் ஆப்பு வடிவில் அறுத்து, கல்லில் தேய்த்து, தூய சுண்ணாம்பு விழுதில் தோய்த்து வைப்பார்கள். சந்து 1 முதல் 2 மில்லிமீட்டர். வளைவின் நடுக்கல் இறங்கியிருந்தால், பின்னால் உள்ள மர விட்டம் மக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளைவைப் பிரித்து மறுபடி கோப்பது அதற்கு அப்புறம்தான். இந்தச் சந்துகளைச் சுரண்டி மீண்டும் பூசவே கூடாது. சுரண்டிய கணத்தில் விளிம்பு போய்விடும்.

சாதாரணக் கல்லின் சந்தும் சில வீடுகளில் மெல்லிய வெள்ளைக்கோடாகத் தெரிகிறதே?

அது டக் பாயிண்டிங். பாயிண்டிங் என்பது செங்கல் சந்தின் முகத்தைக் கலவையால் நிரப்பி முடிப்பது. இந்த வகையில், சந்தை முதலில் கல்லின் நிறத்திலேயே கலவை போட்டு மட்டமாக நிரப்புவார்கள். அது இறுகும் முன் நடுவில் பள்ளக்கோடு இழுத்து, சுண்ணாம்பு விழுதும் நுண்ணிய வெள்ளைமணலும் சேர்ந்த நாடாவை அதில் பதித்து, இரு ஓரத்தையும் கத்தியால் சீவிவிடுவார்கள். கோணல்மாணலான மலிவுக்கல்லை உயர்தரக்கல் போலக் காட்டும் உத்தி. ஒழுங்காகச் செய்ய நீண்ட பழக்கம் வேண்டும். தெரியாதவர் கையில் கொடுத்தால் சுவர் முழுக்க வெள்ளைப் புழு ஓடியதுபோல ஆகிவிடும்.

பாயிண்டிங் உதிர்கிறது. எப்படிச் செய்வது?

முதலில், தேவையான இடத்தில் மட்டும் செய்யுங்கள். சந்து கெட்டியாக இருந்தால், 200 வயதானாலும், அதைத் தொடாதீர்கள்.

உதிர்ந்ததைக் கையால், குறுகிய உளியும் கொக்கியும் கொண்டு சுரண்டி எடுக்க வேண்டும். ஆழம் சந்தின் அகலத்தைப்போல் இருமடங்கு, குறைந்தது 20 மில்லிமீட்டர். மெல்லிய சந்தில் கிரைண்டர் ஓட்டினால் கல்லின் விளிம்பு அறுந்து 5 மில்லிமீட்டர் சந்து 10 ஆகிவிடும். அந்தச் சேதத்துக்கு மாற்று கிடையாது. பிறகு தூசியைத் தட்டித் தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் பூசும் முன்பும் நனைக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கி மினுமினுக்கக் கூடாது.

கலவை: ஒரு பங்கு சுண்ணாம்பு விழுது, மூன்று பங்கு நன்கு தரம்பிரித்த கூர்மணல், கன அளவில். மழை அடிக்கும் இடத்துக்கு இயற்கை நீரிறுகு சுண்ணாம்பு (ஆங்கிலச் சுருக்கம் என்.எச்.எல்., எண் அதன் உறுதித் தரம்): மென்கல்லுக்கு என்.எச்.எல். 2, கைப்பிடிச் சுவருக்கும் புகைபோக்கிக்கும் என்.எச்.எல். 3.5. நிறத்தைத் தருவது மணல்தான், சாயம் சேர்க்க வேண்டாம். கலவை கெட்டியாக, உருட்டினால் உருண்டை நிற்கும் பதத்தில் இருக்கட்டும். சந்தின் அகலத்துக்கேற்ற மெல்லிய கரண்டியால் அழுத்தி அடைத்து, கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். கல்லின் மேல் வழியவிட்டால் மெல்லிய விளிம்பாகிச் சீக்கிரம் உதிரும். ஓரளவு இறுகியதும் விறைத்த தூரிகையால் தட்டிவிட்டால் மணல் தெரியும், மேற்பரப்பு மூச்சுவிடும்.

அப்புறம் வருவதுதான் பலர் தவறவிடும் படி: ஈரச்சாக்கால் மூடி, ஒரு வாரமாவது காற்றும் வெயிலும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்வது. வேகமாகக் காய்ந்த சுண்ணாம்பு இறுகாமல் தூளாகிவிடும். வெப்பம் 5 பாகைக்குக் கீழே போகும் காலத்தில் வேலையே வேண்டாம். லண்டனில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

சிமெண்ட் பாயிண்டிங் கூடுதல் உறுதிதானே?

கல்லைவிட உறுதி என்பதே அதன் கோளாறு. சுவருக்குள் வரும் ஈரம் சுண்ணாம்புச் சந்து வழியே ஆவியாகி வெளியேற வேண்டும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் ஈரம் கல் வழியே வரும். உப்பு கல்லின் தோலுக்கடியில் பூக்கும், குளிரில் நீர் உறைந்து விரியும், முகம் பொரிந்து உதிரும். கடைசியில் கல் குழிந்து சிமெண்ட் வலை மட்டும் துருத்தி நிற்பதைப் பல தெருக்களில் காணலாம். ஏற்கெனவே சிமெண்ட் இருந்து அது கல்லைக் கடித்துப் பிடித்திருந்தால், பிடுங்குவதால் கல் உடையுமா என்று ஒரு மூலையில் சோதித்த பிறகே தொடருங்கள். சில இடங்களில் அது தானாகத் தளரும்வரை விட்டுவைப்பதே மேல்.

அடைத்த ஜன்னல்கள் எல்லாம் ஜன்னல் வரியால் வந்தவையா?

சில மட்டும். வரி 1696 முதல் 1851 வரை இருந்தது, திறப்புகளை அடைத்தவர்களும் உண்டு. ஆனால் பின்னால் புகைபோக்கியோ படிக்கட்டோ வந்த இடத்தில் முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே பொய் ஜன்னல் கட்டியதே அதிகம். அடைத்த செங்கல் சுற்றுச்சுவரோடு ஒரே கட்டாகக் கோத்திருந்தால் அது பிறவியிலேயே மூடியது. நேர்ச்சந்து தெரிந்தால் பிறகு அடைத்தது.

சாஷ் ஜன்னல் (மேலும் கீழும் நகரும் இரு சட்ட ஜன்னல்) மேலே நிற்காமல் விழுகிறது.

சட்டத்தைத் தாங்குவது கப்பியின் மேல் ஓடும் கயிறும், பக்கப்பெட்டிக்குள் அதில் தொங்கும் எடைக்குண்டும். கயிறு அறுந்திருக்கும், அல்லது எடை பொருந்தவில்லை. ஒரு நாள் வேலை.

உள்பக்க பீடிங்கின் (சட்டத்தைப் பிடித்திருக்கும் மரப்பட்டியின்) பெயிண்ட் கோட்டைக் கத்தியால் அறுத்து, அகன்ற உளியால் நடுவிலிருந்து நெம்பி எடுங்கள். ஓரத்தில் தொடங்கினால் முறியும். கீழ்ச்சட்டத்தை உள்ளே சாய்த்து, இருபுறக் கயிறுகளையும் கழற்றி முடிச்சுப் போடுங்கள், இல்லையென்றால் எடைக்குண்டு பெட்டிக்குள் விழும். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய பீடிங் எடுக்கும்போது உடைவது சகஜம். புதிது வாங்கி வையுங்கள். பிறகு மேல்சட்டம் வரும். பெட்டியின் பக்கப்பலகையில் அடிப்பகுதியில் சிறு மூடி இருக்கும், பெயிண்டில் மறைந்திருக்கலாம். அதைத் திறந்தால் குண்டுகள் கைக்கு வரும்.

சட்டத்தைக் கண்ணாடியோடு எடைபோடுங்கள். மேல்சட்டத்துக்கு இரு குண்டுகளும் சேர்ந்து சட்டத்தைவிட அரைக் கிலோ வரை கூடுதலாக இருக்கட்டும், அப்போதுதான் அது மேலேயே நிற்கும். கீழ்ச்சட்டத்துக்கு அதே அளவு குறைவாக. புதுக்கயிற்றைக் கப்பிக்கு மேல் செலுத்த, நூலில் கட்டிய சின்ன ஈயத்துண்டை முதலில் இறக்குங்கள். நீளம் முக்கியம்: கீழ்ச்சட்டம் மூடியிருக்கும்போது அதன் குண்டு கப்பியில் இடிக்கக் கூடாது, மேல்சட்டம் மூடியிருக்கும்போது அதன் குண்டு பெட்டியின் அடியைத் தொடக் கூடாது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், சுடுகாற்றால் கருக்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல.

இரட்டைக் கண்ணாடி போட்டால் சட்டத்தின் எடை கூடும், மெல்லிய சட்டக்கம்பி தாங்காது. குளிருக்கும் சத்தத்துக்கும் உள்பக்கம் தனியாக ஒரு கண்ணாடிச் சட்டம் பொருத்துவதே இந்த வீடுகளுக்கு ஏற்றது.

ஜன்னல் அசலா, பின்னால் மாற்றியதா?

சட்டத்தின் மூலையில் கீழே நீளும் கொம்பு இருந்தால் விக்டோரியக் காலத்தது. கொம்பில்லாமல், மேல்சட்டத்தில் ஆறு கீழ்ச்சட்டத்தில் ஆறு கண்ணாடி, அரை அங்குலத்தை ஒட்டிய மெல்லிய கம்பி என்றால் பிற்கால ஜார்ஜியம். பழைய கண்ணாடி சுழற்றி விரித்த வட்டத்தட்டிலிருந்து வெட்டியது, அதில் பிம்பம் லேசாக அலையும். உடைந்தால் மறுபடி கிடைப்பது அரிது.

கூரை ஏன் தெருவிலிருந்து தெரிவதில்லை?

கைப்பிடிச் சுவர் மறைக்கிறது. பல லண்டன் வீடுகளின் கூரை, இரண்டு சரிவும் நடுவை நோக்கி இறங்கும் வி வடிவம். நடுவில் ஈயத்தகடு போர்த்திய தாரை, அது வீட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் ஓடும். ஓடு வேல்ஸ் நாட்டு ஸ்லேட்.

பலவீனம் முழுவதும் அந்தத் தாரையில்தான். இலையும் புறாக்கூடும் அடைத்தால் நீர் ஈயத்தின் ஓரத்தைத் தாண்டி உத்திரத்தின் முனைக்குப் போகும். மேல் மாடி உட்கூரையில் கறை தெரியும்போது மரம் மக்கத் தொடங்கியிருக்கும். இலையுதிர்காலத்தில் இருமுறை, வசந்தத்தில் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஈயத்தகட்டை மாற்றினால் நீளமான ஒற்றைத் துண்டாகப் போடவிடாதீர்கள். வெயிலில் விரிந்து சுருங்க இடமில்லாமல் அது மடிந்து வெடிக்கும்.

கல் படிக்கட்டு ஒரு பக்கம் மட்டும் சுவரில் செருகியிருக்கிறது. எப்படி நிற்கிறது?

ஒவ்வொரு படியும் சுவருக்குள் நான்கைந்து அங்குலமே போகிறது. ஆனால் அது கீழ்ப்படியின் மேலும் அமர்ந்திருக்கிறது. சுவர் படியை முறுக விடாமல் பிடிக்க, பாரம் படிப்படியாக இறங்கித் தரைக்குப் போகிறது. ஆகவே அடிப்படியை எடுக்கக் கூடாது, படி செருகிய சுவரில் மின்குழாய்க்குக் காடி வெட்டக் கூடாது. கைப்பிடிக் கம்பிகள் ஈயம் ஊற்றிப் பதிந்த குழிகளில் துரு ஏறினால் கல் பிளக்கும். வெடிப்பு படியின் குறுக்கே ஓடினால் உடனே முட்டுக் கொடுத்துப் பொறியாளரை அழையுங்கள்.

வாசலில் உள்ள முகச்சிற்பங்கள் கல்லா?

பெட்ஃபர்ட் சதுக்கத்தில் அவை கோட் கல். எலினார் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லேம்பெத்தில் நடத்திய ஆலையில் செய்த சுட்ட களிமண் பொருள். களி, ஏற்கெனவே சுட்டு இடித்த களித்தூள், மணல், சிக்கிமுக்கி, கண்ணாடித் தூள் சேர்த்து அச்சில் அழுத்தி நாட்கணக்கில் சுடுவார்கள். ஒரே அச்சில் பல வாசல்களுக்கு எடுத்தார்கள் என்பதால் தாடிக்கார முகங்கள் வீட்டுக்கு வீடு திரும்ப வருகின்றன. இருநூறு ஆண்டு புகைக்கும் அமில மழைக்கும் பிறகு பக்கத்துச் சுண்ணக்கல் கரைந்திருக்க, இதன் மீசைக்கோடுகள் கூர்மையாகவே நிற்கின்றன. அமிலம் வைத்துக் கழுவாதீர்கள். தண்ணீரும் மென்தூரிகையும் போதும்.

நிலவறையில் ஈரம். சுவருக்கு ஊசி போட்டு ரசாயனம் ஏற்றச் சொல்கிறார்கள்.

அதற்கு முன் செலவில்லாதவற்றைப் பாருங்கள். மழைநீர்க்குழாய் சுவரோடு ஒட்டிய பின்பக்கத்தில் வெடித்திருக்கிறதா? முன்பள்ளத்தின் வடிகால் அடைத்திருக்கிறதா? வெளியே தளமட்டம் உயர்ந்து உள்தரையைத் தாண்டிவிட்டதா? பயன்படாத புகைபோக்கியைக் காற்றுவழி விடாமல் மூடியிருக்கிறார்களா? உள்ளே சிமெண்ட் பூச்சோ, நீர்புகாப் பெயிண்டோ இருக்கிறதா? பெரும்பாலும் இவற்றில் ஒன்று அகப்படும். நடைபாதைக்கு அடியிலுள்ள கரி அறைகள் ஈரமாகவே இருக்கும்படி கட்டப்பட்டவை. அவற்றை அறையாக்க விரும்பினால் சுவரைப் பூசி அடைக்காமல், உள்ளே இடைவெளிவிட்டு நீர்புகாத் தாள் கட்டி, இறங்கும் நீரை வடிகாலுக்குக் கொண்டுபோங்கள்.

வேலை தொடங்க யாரிடம் அனுமதி வேண்டும்?

இங்கிலாந்தில் 1700க்கும் 1850க்கும் இடையில் கட்டி, அசல் தன்மை பெருமளவு எஞ்சிய கட்டடங்களில் பெரும்பாலானவை பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. பெட்ஃபர்ட் சதுக்கத்து வீடுகள் அதிலும் உயர்ந்த முதல் நிலையில் இருக்கின்றன. பட்டியல் பாதுகாப்பு முகப்புக்கு மட்டுமல்ல, உள்ளே உள்ள கதவு, கணப்பு அடுப்பு, சுதை வேலை எல்லாவற்றுக்கும் உண்டு. தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் தேவை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஒப்புதலின்றிச் செய்வது 1990 சட்டப்படி குற்றம். நடவடிக்கைக்குக் காலவரம்பும் கிடையாது. முந்தைய உரிமையாளர் செய்ததைத் திருத்தும் பொறுப்பு இன்றைய உரிமையாளர் மேல் விழலாம், வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். அதே பொருளில் அதே முறையில் செய்யும் சிறு பழுதுக்குப் பொதுவாக ஒப்புதல் வேண்டாம். ஆனாலும் மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரைத் தொடுவதானால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். ஒட்டிய வீடு என்பதால் நீங்கள் எடுக்கும் ஒரு தடுப்புச்சுவர் அண்டை வீட்டு உத்திரத்தையும் அசைக்கக்கூடும்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

பெட்ஃபர்ட் சதுக்கத்தின் முகப்புகளைத் தெருவிலிருந்தே நிதானமாகப் பார்க்கலாம். 34 முதல் 36 வரையான எண்களில் 1917 முதல் ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் கட்டடக்கலைப் பள்ளி இயங்குகிறது. 49ஆம் எண் வீட்டில் ராஜா ராம்மோகன் ராய் தங்கியதற்கான பலகை இருக்கிறது. வளைவு, டக் பாயிண்டிங், கோட் கல் மூன்றையும் அங்கேயே படித்துவிடலாம்.

உள்ளே போக வேண்டுமானால் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் சர் ஜான் சோன் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். சோன் என்ற கட்டடக்கலைஞரின் சொந்த வீடுகளே அது. 12ஆம் எண்ணை அவர் 1792இலும், 13ஐ 1812இலும், 14ஐ 1824இலும் திருத்திக் கட்டத் தொடங்கினார். 12ஆம் எண் முகப்பு அடக்கமான செங்கல். பக்கத்திலேயே 13ஆம் எண்ணின் வெண்கல் முகப்பு தெருவை நோக்கி முன்தள்ளி நிற்கும். முதலில் எதிர்ப்புறத் தோட்டத்தில் நின்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், பிறகு உள்ளே போங்கள். வெயில் உள்ள பகல் நல்லது. கூரை வழியே வெளிச்சத்தை இறக்க அவர் செய்த ஏற்பாடுகள் அப்போதுதான் முழுதாக விளங்கும்.